மணி அடிக்கக் கூடாது என்று நான் சொன்னேன்

1

எங்கள் பள்ளிக்கூடம் மணி அடிப்பதை நிறுத்தி இன்றோடு ஒரு வருடம். அதற்காகக் கேக் வெட்டினோம்.

இதை வாசிக்கும்போதே, இலங்கை மலையகத்தில், பசறை பஸ்ஸில், ஊர்க்காரர் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் அந்தக் கேக்கில் எனக்கும் பங்குண்டு. கனடாவில் ஓர் ஏரிக்கரைச் சிற்றூரின் ஆரம்பப் பள்ளியில் நான் உதவி ஆளாக வேலை செய்கிறேன். பாடம் நடத்துவது ஆசிரியர். பாடத்துக்குள் வர முடியாமல் நிற்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நான்.

கேக் மணி வடிவத்தில் இருந்தது. அதன் மேல் சிவப்புச் சீனிப் பாகில் பெரிய பெருக்கல் குறி. எங்கள் பள்ளியின் அதிபர் டோனா அம்மையார் முதலில் மணியின் நாக்கை வெட்டி எடுத்து என் தட்டில் வைத்தார். பிறகு எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "உங்கள் ஊர்ப் பள்ளிகளில் மணி உண்டா? அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்களேன்."

"உண்டு. தண்டவாளத் துண்டு. இரும்புக் கம்பியால் அடிப்போம்," என்றேன்.

"ஐயோ," என்றார்கள் எல்லோரும். ஒரு ஆசிரியை என் தோளைத் தொட்டார். அதற்கு மேல் நான் பேசவில்லை. வாயில் கேக் இருந்தது ஒரு காரணம். சொல்ல வேண்டிய கதை நீளமானது என்பது மற்றது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2

முதலில் என் வேலையைப் பற்றி. குளிர்காலத்தில் பாதி வேலை உடுப்பு மாட்டுவதுதான். பிள்ளைகள் கால் மணி நேரம் வெளியே விளையாட, அரை மணி நேரம் பனிக்காற்சட்டை, தொப்பி, கையுறை, சப்பாத்து. மாட்டி முடித்ததும் ஒரு பிள்ளை ஒன்றுக்குப் போக வேண்டும் என்று சொல்லும். நான் பல்கலைக்கழகத்தில் படித்த கற்பித்தல் முறைகள் எதிலும் இந்த அத்தியாயம் இல்லை.

என் பொறுப்பில் இருப்பவன் மேசன், ஏழு வயது. சத்தம் அவனுக்கு ஆகாது. காதுக்குக் கவசம் போட்டிருப்பான். அவன் மேசையில் வரிசையாகப் படங்கள் ஒட்டியிருக்கும்: கோட்டு மாட்டும் கொக்கி, புத்தகம், அப்பிள், சப்பாத்து, மஞ்சள் பஸ். ஒவ்வொரு வேலை முடிந்ததும் அந்தப் படத்தைக் கழற்றிப் பையில் போடுவான். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் அவனுக்குப் பயம் குறையும். மணியை நிறுத்தியதும் அவனைப் போன்றவர்களுக்காகத்தான். இப்போது மணிக்குப் பதிலாக விளக்குகள் மூன்று முறை மங்கி எரியும். நிறுத்திய வாரத்திலிருந்து அவன் மேசைக்குக் கீழே ஒளிவதை விட்டுவிட்டான். நான் கண்ணால் பார்த்தது. ஆகவே இதைக் கேலி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேசனுக்காகப் பருவத்துக்கு ஒரு கூட்டம் நடக்கும். பேச்சுப் பயிற்சிக்காரர், மனநல ஆலோசகர், கை விரல்களுக்கு என்றே தனியாக ஒருவர், இன்னும் சிலர். ஒரு பிள்ளையைச் சுற்றி ஒரு மேசை நிறையப் பெரியவர்கள். முதல் கூட்டத்துக்கு முன்பே எனக்குச் சொல்லித் தந்தார்கள்: "அவன் சமாளிக்கிறான் என்று மட்டும் சொல்லிவிடாதே. சமாளித்தால் உதவி போய்விடும். தேவைகளைச் சொல். கூடச் சொல்லச் சொல்லக் கூடக் கிடைக்கும்." நான் நல்ல மாணவன். இந்தப் பாடத்தை நன்றாகவே படித்துக்கொண்டேன். அதனால் என்ன வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் இங்கிலீஷும் கூட்டங்களில் பேசப்படும் விஷயம்தான். ஒருமுறை மேசனின் தாய் தொலைபேசியில் மகன் எப்படி என்று கேட்டாள். நம் ஊர் வழக்கப்படி 'சும்மா இருக்கிறான்' என்பதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். நம் தாய்மாருக்கு அது நிம்மதி. அந்தத் தாயோ, என் மகனுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லையா என்று அதிபருக்கு எழுதிவிட்டாள். மறுவாரம் எனக்கு உரையாடல் பயிற்சி. அதிலும் படங்கள்தான்: சிரித்த முகம், கவலை முகம், குழம்பிய முகம். குழம்பிய முகம் எனக்கு உடனே பிடிபட்டது.

நான் வாடகைக்கு இருப்பது ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் நிலக்கீழ் அறையில். அவர்கள் மகன் அகரன் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறான். வீட்டில் "மாமா" என்று மடியில் ஏறுவான். பள்ளி நடைபாதையில் எதிரே வந்தால், நான் ஒரு சுவர்.

3

என் சொந்தப் பள்ளி நமுனுகுல மலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். ஒரே நீள மண்டபம், உள்ளே சுவரில்லை. ஐந்து வகுப்புகள் ஐந்து திசை பார்த்து உட்கார்ந்திருக்கும். இங்கே இதைத் 'திறந்த கற்றல் வெளி' என்று கட்டடக் கலைஞர்களை வைத்துக் கட்டுகிறார்கள். எங்களுக்குச் சுவர் கட்ட சீமெந்து வரவில்லை, அவ்வளவுதான்.

வகுப்பு ஐந்து, ஆசிரியர் வழக்கமாக இரண்டு பேர். ஆகவே வராந்தாவில் தொங்கும் தண்டவாளத் துண்டு எங்களை ஆண்டது. ஓர் அடி விழுந்தால் முதலாம் வகுப்பு கரும்பலகைப் பக்கம் திரும்பும், மற்றவர்கள் குனிந்து எழுதுவார்கள். இரண்டு அடி விழுந்தால் இரண்டாம் வகுப்பின் முறை. ஐந்து அடிக்கு ஐந்தாம் வகுப்பு. யாரும் கத்த வேண்டியதில்லை.

அங்கே யாரையும் வெளியே நிறுத்தியதில்லை. இதை எழுதிவிட்டு நான் பெருமைப்படத் தயாராகும்போது சரோஜாவின் ஞாபகம் வந்துவிடுகிறது. என் வகுப்புத்தான். கரும்பலகை அவள் கண்ணுக்குத் தெரியாது. அதனால் தண்ணீர் கொண்டுவருவது, சோக்கட்டி எடுத்துவருவது எல்லாம் அவள் வேலையானது. கண்ணாடி ஒன்று போட்டுப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒருநாள் தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றாள். பிறகு வரவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் அந்த மண்டபத்தைத் தாண்டி பதுளை டவுன் வரைக்கும், அப்புறம் பல்கலைக்கழகம் வரைக்கும் போனவன் நான் ஒருவன். உட்படுத்தல் கல்வியைப் பாடமாக எடுத்தேன். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிப்பது எப்படி என்கிற படிப்பு. அதை மேலும் படிக்கத்தான் கனடாவுக்கு வந்தேன். சரோஜாவுக்காக என்று விண்ணப்பத்தில் அழகாக எழுதியிருந்தேன். விசா கிடைத்தது.

4

போன வருடக் கடைசியில் அண்ணன் கூப்பிட்டார். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அண்ணி மல்லிகா தேயிலைக் கொழுந்து எடுப்பவர். தோட்டத்தின் கீழ்ப் பிரிவில், கீழ்க்கணக்கு என்போம், லயம் எனும் வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறார்கள். ஒரே மகள் தனுஷிகா, நாங்கள் தனு என்போம். முதலாம் வகுப்புக்குப் போக வேண்டிய வயது.

தனு பேசுவதில்லை. கூட்டம் கூடினால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். தகர மூடிகளைச் சுழலவிட்டு, அவை அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பாள். கொழுந்துக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் இதுவரை இருந்தாள். அங்கே பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா, வயது கடந்துவிட்டது, இனி வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்.

"பள்ளிக்கூடத்துல எடுக்காட்டி மல்லிகா வேலைக்குப் போக ஏலாது தம்பி," என்றார் அண்ணன். "இல்லாட்டி புள்ளைய உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் போகணும்."

"பூட்டுறதா? என்னண்ணே பேசுறீங்க!"

பிறகுதான் அண்ணன் சொன்னார். ஒருநாள் பூட்டிப் பார்த்திருக்கிறார்கள். மத்தியானம் அண்ணி ஓடிவந்து திறந்தபோது, தனு கதவோடு ஒட்டி நின்றிருந்தாளாம். அழவில்லை. சத்தமே இல்லை. அன்று பின்னேரம் அண்ணி கொழுந்துக்குப் போகவில்லை, மறுநாளும் போகவில்லை.

"பெரிய சார் வீடியோவுல பேசலாம்னு சொல்லிட்டாரு. நீ இதையே படிச்சவன். நீ சொன்னா கேப்பாரு," என்றார் அண்ணன்.

பெரிய சார் என்றால் அதிபர். நான் படித்த காலத்துக்குப் பிறகு வந்தவர். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை.

5

நான் சட்டையும் டையும் போட்டு உட்கார்ந்தேன். கீழே கட்டியிருந்தது சாரம்தான், அது திரையில் தெரியாது. திரையில் பெரிய சாரின் அறை வந்தது. அண்ணன் போனைப் பிடித்திருந்தார். பெரிய சார் எழுந்து நின்றே வணக்கம் சொன்னார்.

"வாங்க தம்பி, வாங்க. அங்க குளிரு எப்பிடி?"

"இருக்குங்க சார்."

"நம்ம கீழ்க்கணக்கு லயத்துல இருந்து ஒருத்தர் அங்க போயி இருக்கிறது பெருமைங்க. சரி, நம்ம புள்ள எப்பிடி? பேசுமா?"

"கொஞ்சம் பேச்சு லேட்டுங்க சார்," என்று அண்ணன் தொடங்கினார். அங்கேயே விட்டிருக்கலாம்.

"அப்படி இல்லைங்க சார், நான் விளக்கமா சொல்றேன்," என்றேன்.

விளக்கமாகத்தான் சொன்னேன். பிள்ளைக்குத் தனியாக ஒரு உதவியாள் வேண்டும். அமைதியான மூலை ஒன்று வேண்டும், மெல்லிய வெளிச்சத்தோடு. காதுக்குக் கவசம் வேண்டும். படத்தில் நேர அட்டவணை வேண்டும். மண்டபத்தை மறைப்புப் போட்டுப் பிரிக்க வேண்டும். சாப்பாட்டில் கவனம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பெரிய சார் தலையாட்டினார். ஒவ்வொரு ஆட்டலுக்கும் முகம் கொஞ்சம் வாடியது. தேவை கூடக் கூட உதவி கூடும் என்று படித்தவன் அல்லவா, எனக்கு அது மரியாதையாகத் தெரிந்தது.

"அப்புறம் சார், மணி. மணி அடிக்கக் கூடாது."

"மணியுமா தம்பி?"

"ஆமாங்க சார். அந்தச் சத்தம் இந்தப் பிள்ளைகளுக்கு ஊசி குத்துற மாதிரி."

பெரிய சார் வராந்தாப் பக்கம் திரும்பி, தொங்கிய இரும்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்றது எல்லாம் நியாயம் தம்பி. இவ்வளவும் தேவைப்படுற புள்ளைய, ஒண்ணுமே இல்லாத எடத்துல வச்சுக்கிட்டு நான் பாவத்தத் தேடிக்கிறதா? டவுன்ல விசேஷ வகுப்பு இருக்காம். அங்க கூட்டிட்டுப் போங்க. நல்லா விவரமா சொன்னீங்க. ரொம்ப நன்றி."

அழைப்பு முடிந்த பிறகும் சில நிமிடங்கள் நான் நன்றாகப் பேசிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். டையைக் கூடக் கழற்றவில்லை. அண்ணனின் குரல் வந்தது.

"என்னா தம்பி பண்ணிட்ட? லேட்டுனு சொல்லி நான் முடிச்சிருப்பேன். நீ ஒரு ஆஸ்பத்திரியவே கேட்டுட்டியே!"

பின்னால் அண்ணி. "அவர ஏசாதீங்க. புள்ளைக்கு நல்லதுதான் கேட்டாரு. கனடாவுல நின்னு கேட்டுட்டாரு, தோட்டத்துல கெடைக்கணுமே."

ஏசியது அண்ணன். உறைத்தது அண்ணி சொன்னது.

டவுன் வகுப்பு என்றால் போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். அண்ணி தினமும் கூடப் போய்க் காத்திருந்து கூட்டி வர வேண்டும். கொழுந்துக்குப் போகும் கை ஒன்று குறையும் வீட்டில் அது நடக்காது என்பது பெரிய சாருக்கும் தெரியும்.

6

படித்தவன் தோற்றால் என்ன செய்வான்? படம் அனுப்புவான். மேசனின் மேசையில் இருந்த அதே படங்களை அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் பசறையில் ஒரு கொமினிகேஷன் கடையில் கலராக அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, லயத்தில் தங்கள் காம்பரா சுவரில் ஒட்டினார். கோட்டுக் கொக்கி, அப்பிள், பனிச் சப்பாத்து, மஞ்சள் பஸ்.

அண்ணியின் குரல்பதிவு வந்தது. "தம்பி, எல்லாம் பளபளனு நல்லாத்தான் இருக்கு. அந்த முட்டி வரைக்கும் இருக்கிற சப்பாத்து என்னாத்துக்கு? அட்ட கடிக்காம இருக்கவா?"

தனு மஞ்சள் பஸ்ஸை மட்டும் எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாளாம். மற்றவற்றைக் கதவுக்குக் கீழ் இடுக்கு வழியாக ஒவ்வொன்றாக வெளியே தள்ளிவிட்டாளாம்.

7

பிறகு மழை. மீரியபெத்தவில் லயங்கள் ஆட்களோடு மண்ணில் புதைந்ததற்குப் பிறகு எங்கள் லயங்களில் யாரும் மண்சரிவு எச்சரிக்கையை இரண்டாம் முறை சொல்லக் காத்திருப்பதில்லை. பாய், சட்டி, டீவி, கோழி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கீழ்க்கணக்கு முழுவதும் பள்ளிக்கூடத்துக்குப் போனது. விடுமுறைக் காலம். பெரிய சார் தன் கையால் மண்டபத்தைத் திறந்துவிட்டார். உள்ளே வந்தவர்களில் படுத்த படுக்கையான தாத்தா ஒருவர், கைக்குழந்தைகள், குடித்திருந்த இரண்டு பேர், அத்தோடு தனு. யாரிடமும் யாருக்கு என்ன தேவை என்று அவர் கேட்கவில்லை. விளக்கமாகச் சொல்ல நானும் அங்கே இல்லை.

சோற்றுப் பார்சல் வந்தபோது நெரிசல். பெரிய சார் பள்ளிக்கூட வழக்கத்தையே கையில் எடுத்தார். முதல் லயத்துக்கு ஓர் அடி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. மற்றவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். நடந்ததை அண்ணி குரல்பதிவில் சொன்னபடியே தருகிறேன்:

"பெரிய சார் கம்பிய எடுத்தாரு தம்பி. ஐயோ, நீங்க சொன்னது ஞாபகம் வந்து இவ காதப் பொத்த ஓடுனேன். அதுக்குள்ள டொய்ங்னு அடிச்சுட்டாரு. இவ என் கையத் தட்டிவுட்டுட்டு எந்திரிச்சுப் போறா! போயி அந்த இரும்புல கன்னத்த வச்சுக்கிட்டு நிக்கிறா. அது உள்ளுக்க அதிருதுல்ல, அடங்குற வரைக்கும் நகர மாட்டேங்கிறா. அடுத்த அடி அடிக்கக் கம்பியத் தூக்குன பெரிய சாரு தூக்குனபடியே நிக்கிறாரு. பின்னால சனம் சோத்துக்குக் கத்துது. அவரு, 'சத்தம் போடாதீங்க, புள்ள கேக்குது'ங்கிறாரு!"

எங்கள் லயம் மூன்றாவது. இரண்டொரு நாளில் மூன்று அடி விழுந்ததும் தனு தானாகத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். ஓர் அடிக்கும் இரண்டு அடிக்கும் அசைய மாட்டாளாம்.

இங்கே கனடாப் பள்ளியில், சத்தம் ஆகாத பிள்ளைகளுக்கான அமைதி அறையில், நீல விளக்கின் கீழ் நின்று இந்தப் பதிவை மூன்று முறை கேட்டேன். எதிர்பாராத சத்தத்துக்கும் முன்கூட்டியே தெரிந்த சத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி அண்ணிக்கு நீளமாக ஒரு பதில் எழுதினேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

8

எச்சரிக்கை நீங்கி எல்லோரும் லயத்துக்குத் திரும்பினார்கள். பள்ளி திறந்த அன்று காலை முதல் மணி மேலே வரைக்கும் கேட்டது. தனு எழுந்து நடந்தாள். லயத்துப் பிள்ளைகள் கூட்டமாகத்தான் பள்ளிக்கு இறங்குவார்கள், அவர்களோடு சேர்ந்துகொண்டாள். அண்ணி பின்னால் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவள் இரும்பில் கன்னம் வைத்து நின்றிருந்தாள்.

முதலாம், இரண்டாம் வகுப்புகளைப் பார்ப்பவர் பஸ்லியா டீச்சர். பதுளை டவுனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம், 'இருக்கு' என்பது அவர் வாயில் 'ஈக்கி' ஆகும், தினமும் பஸ்ஸில் வருபவர். பெரிய சார் அவரிடம் தணிந்த குரலில் சொல்லியிருக்கிறார்: "டீச்சர், பதிவுல பேரில்லாத புள்ள. ஏதாவது ஒண்ணு ஆச்சுனா யாரு பொறுப்பு?"

"மழைக்கு வந்து படுத்தப்ப யாருட பேரையும் நீங்க கேக்கல்லயே சேர்."

பெரிய சார் கொஞ்சம் யோசித்தாராம். "நான் பாக்கல," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார். பிறகு பல வாரம் அவர் பார்க்கவே இல்லை. மண்டபத்தின் ஒரு மூலையைப் பார்க்காமல் தாண்டிப் போவதற்கென்றே தனி நடை ஒன்றைப் பழகிக்கொண்டார் என்றார்கள்.

தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை கொழுந்தெடுத்தால் பெயர் பதியமாட்டார்கள், எடுத்த கொழுந்துக்குக் கையில் காசு, அவ்வளவுதான். கைக்காசு என்பார்கள். அண்ணி லயத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாராம்: "எம் மக கைக்காசுக்குப் படிக்கிறா." சிரிப்புதான். ஆனால் பெயரில்லாத வேலைக்கு என்றைக்கு வேண்டுமானாலும் வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்பது சிரித்தவர்களுக்கும் தெரியும்.

நான் பஸ்லியா டீச்சரைக் கூப்பிட்டேன். தொழில்முறையில் பேச வேண்டும் அல்லவா? "என்ன முறையைக் கையாளுறீங்க டீச்சர்?"

"முறையா? எனக்கு ரெண்டு வகுப்பு ஈக்கி சேர். ஒண்ணு அடிச்சா இவங்க திரும்புவாங்க, ரெண்டு அடிச்சா அவங்க. அவளும் இப்ப ஒண்ணுக்குத் திரும்புறா. திரும்பினவளுக்கு என்ன செய்றதுன்னுதான் எனக்கு விளங்கல்ல. நேத்து என்னக் கடிச்சும் போட்டா. மணிய விடுங்க, அதுக்கு ஏதாச்சும் ஈந்தா சொல்லுங்க."

ஊரிலிருந்து ஒருவர் என் படிப்பை நம்பி என்னிடம் ஒரு யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை நானேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டேன். சோக்கட்டியைக் கையிலிருந்து பிடுங்கினாராம். பிடுங்காமல் இன்னொன்றைக் காட்டி மாற்றச் சொன்னேன். அண்ணனிடம் சொல்லிப் படம் எடுக்க வைத்தேன். அவளுடைய தட்டு, பள்ளிக் குழாய், பஸ்லியா டீச்சரின் குடை, தண்டவாளத் துண்டு. பனிச் சப்பாத்து இல்லை. இந்த முறை ஒரு படமும் கதவுக்குக் கீழே போகவில்லை. கடி முற்றாக நின்றுவிட்டதா என்றால் இல்லை. குறைந்திருக்கிறது. டீச்சர் நீளக்கை உடுப்புப் போடுகிறார்.

9

மழையில் மண்டபச் சுவரில் விழுந்த வெடிப்பைப் பார்க்க வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வரும் வழியில் யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். வெடிப்பைப் பார்த்து முடித்ததும் கேட்டார்: "விசேட தேவை உள்ள பிள்ளை ஒன்று இங்க இருக்காமே?"

பெரிய சார் மாட்டிக்கொண்டார். பதிவில் பெயரில்லாத பிள்ளை வகுப்பில் இருக்கிறது. இல்லை என்றால் பொய், ஆம் என்றால் பிழை. "அது வந்துங்க சார்..." என்பதற்குள் அதிகாரி முதலாம் வகுப்புக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

முன் வரிசையில் பிரணவன். வகுப்பிலேயே கெட்டிக்காரன், அன்றைக்கு டை எல்லாம் கட்டி அவனை முன்னால் வைத்திருந்தார்கள். "உங்கட பேர் என்ன?" என்று அதிகாரி குனிந்ததும் பையனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. டையின் நுனியை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கினான். மறுபடி கேட்டார். கண்ணை மூடிக்கொண்டான்.

அதிகாரி அவன் தலையைத் தடவினார். "பரவாயில்லை, பரவாயில்லை," என்று பெரிய சார் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நல்ல காரியம் செய்திருக்கீங்க. மற்றப் பிள்ளைகளோடயே உட்கார வைத்திருக்கீங்க. சேர்க்க மாட்டோம் என்கிற பள்ளிகள்தான் கூட. உங்களைப் பற்றி நான் மேலே சொல்றேன்."

அந்த நேரத்தில் பஸ்லியா டீச்சர் ஓர் அடி அடித்திருக்கிறார். முதலாம் வகுப்பு முழுவதும் கரும்பலகைப் பக்கம் திரும்பியது, தனுவும் திரும்பினாள். அதிகாரி அவளைத் தாண்டித்தான் நடந்து போனார்.

பாராட்டு வாங்கியாயிற்று. இனி அதை உண்மையாக்க வேண்டும். அன்று பின்னேரமே பெரிய சார் அண்ணனைக் கூப்பிட்டனுப்பி, தனுஷிகாவின் பெயரைப் பதிவில் ஏற்றினார். எந்தக் கொள்கையும், எந்தச் சுற்றறிக்கையும், நான் படித்த எந்தப் பாடமும் செய்யாததைப் பிரணவன் சப்பிய டை செய்துவிட்டது.

பிரணவனின் தாய் மறுநாள் குழாயடியில் சண்டைக்கு நின்றார். "எம் புள்ளையப் பாத்தா அப்பிடியா இருக்கு?"

அண்ணி குடத்தைக் கீழே வைத்தாராம். "அப்பிடினா எப்பிடிக்கா?"

அவர் திரும்பித் தன் குடத்தைக் குழாயில் பிடித்தாராம். பிறகு பிரணவனின் தாயே தனுவின் போத்தலையும் நிரப்பிக் கொடுத்தார். கோபம் போகவில்லை, ஆனாலும் நிரப்பினார்.

10

தோட்டத்தில் இப்போது எனக்குப் புதுப் பெயர். பிள்ளைகள் வீடியோவில் என் முகத்தைக் கண்டதும், "மணி வேணாம் மாமா! மணி வேணாம் மாமா!" என்று கத்துகிறார்கள். தனு சில நேரம் திரைக்கு மிக அருகில் வந்து நிற்பாள், நெற்றி மட்டும் தெரியும். தகர மூடியைச் சுழலவிட்டு, அது அடங்கியதும் போய்விடுவாள். அழைப்பை முடிக்கும் உரிமை அவளுக்குத்தான்.

நான் கேட்டவை பிழையில்லை. உதவியாள் இன்னும் வரவில்லை, மறைப்பும் இல்லை, பஸ்லியா டீச்சருக்கு இன்னும் இரண்டு வகுப்பு. இவையெல்லாம் வேண்டும். ஆனால் கதவுக்கு வெளியே நின்று நான் கேட்டபோது, கதவைச் சாத்த அவை ஒரு காரணமாயின. இப்போது அதே பட்டியலைப் பெரிய சாரே மேலிடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறாராம், என் பிள்ளைக்கு வேண்டும் என்று. எம் புள்ளை என்றுதான் சொன்னாராம்.

இன்றைக்குக் கேக் தின்றுவிட்டு அறைக்கு வந்தேன். போனில் பெரிய சாரின் குரல் காத்திருந்தது.

"தம்பி, நல்லா இருக்கீங்களா? ஒரு சின்ன ஒத்தாசைங்க. மேல்கணக்குல இருந்து ஒரு பொம்பளப் புள்ளையக் கூட்டிட்டு வந்திருக்காங்க. காலு ஏலாது. புள்ள கெட்டிக்காரிதான். அவங்க மாமா ஒருத்தரு கொழும்புல பெரிய படிப்பு படிச்சவராம், போன்ல எனக்கு விளக்கமா சொல்லணும்னு நிக்கிறாரு. நான் நாளைக்குப் புள்ளையோட பேரப் போடலாம்னு இருக்கேன். அதுக்குள்ள அவரு பேசிட்டாருனா எனக்குப் பயம் வந்துரும். நீங்க அவருகிட்ட கொஞ்சம் பேசி, பேச வேணாம்னு சொல்லிருங்க."

எண்ணையும் அனுப்பியிருந்தார். கூப்பிட்டேன். ஒரு பள்ளி விஷயமாக என்று சொன்னதுமே அவர் தொடங்கிவிட்டார். சரிவுப் பாதை வேண்டும், இரண்டு பக்கமும் கைப்பிடி, கழிப்பறைக்குத் தனி வசதி, மேசையின் உயரம், தூக்கிவிட ஓர் ஆள். நல்ல படிப்பு, தெளிவான குரல். ஒன்றும் பிழையில்லை. டை கட்டியிருப்பார் என்று தோன்றியது. மூச்சு வாங்கும் வரை காத்திருந்தேன்.

"எல்லாம் கேக்க வேண்டியதுதாங்க," என்றேன். "நாளைக்கு மட்டும் பேசாம இருங்க. அவரு பேரப் போடட்டும். போட்ட பொறகு கேளுங்க. உங்களோட சேர்ந்து நானும் கேக்குறேன்."

மறுபக்கம் குரல் விறைத்தது. "நீங்க யாருங்க? உங்களுக்கு இதப் பத்தி என்னா தெரியும்?"

என் பட்டங்கள், என் வேலை, என் சான்றிதழ்கள் எல்லாம் ஒரு கணம் வாய்க்குள் வரிசையாக வந்து நின்றன. விழுங்கிவிட்டேன்.

"மணி அடிக்கக் கூடாதுன்னு கனடாவுல இருந்து ஒருத்தன் சொன்னான்ல," என்றேன், "அந்த ஆளுங்க."

மறுபக்கம் அவர் சிரிப்பது கேட்டது.

"ஐயையோ, அது நீங்களா? எங்க அக்கா சொல்லிச் சிரிச்சுச்சு. சரி, சொல்லுங்க. நாளைக்கு நான் பேசல."